ஊர்க் கணக்கில் பணம், கையில் இல்லை: வாசகர் கேள்வி–பதில்

இந்தியப் பொதுத்துறை வங்கி ஒன்றின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது மகன் குடும்பத்துடன் மொரீஷியஸின் கத்ர் போர்னில் வசிக்கும் நம் வங்கி ஆலோசகர் இம்மாதக் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: மதுரையில் வேலை பார்த்தபோது தொடங்கிய சேமிப்புக் கணக்கு இன்னும் இருக்கிறது. இங்கே எபெனில் மென்பொருள் நிறுவனமொன்றில் சேர்ந்த பிறகு இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டேன். தங்கையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டலாம் என்று நெட்பேங்கிங்கில் நுழைந்தால் ஓ.டி.பி. வருவதில்லை. கணக்கில் பணம் இருந்தும் ஒரு ரூபாயை நகர்த்த முடியவில்லை. என்ன வழி, அம்மா?

— எபென் வாசகர்

பதில்: தம்பி, பதற வேண்டாம். பணம் பத்திரமாக இருக்கிறது. அதற்குப் போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது. இதே துயரத்தைச் சொல்லும் கடிதங்களே எனக்கு அதிகம் வருகின்றன. அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அந்த எண் இன்னும் உங்களுடையதுதானா என்று முதலில் பாருங்கள். இந்தியாவில் முன்கட்டண எண் ஒன்று 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் நிறுவனம் அதைத் துண்டித்துவிடலாம். பிறகு சில காலம் கழித்து அதே எண் முன்பின் தெரியாத வேறொருவருக்குப் போய்விடும். தங்கையை அந்த எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் செய்தி வந்தால் நம்பிக்கை உண்டு. வேறு யாரோ எடுத்துப் பேசினால் நிலைமை மாறிவிட்டது என்று பொருள்.

எண் உயிரோடு இருந்தால் இன்றே ரீசார்ஜ் செய்யுங்கள். வெறும் ரீசார்ஜ் போதாது. சர்வதேச ரோமிங்கும் இயக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு சிம் ஏற்கும் கைப்பேசியில் ஒன்று இங்கத்திய எண், மற்றொன்று இந்திய எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்திய சிம்மில் இணையத் தரவை மட்டும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ரோமிங் கட்டணம் நீங்கள் போட்ட பணத்தை அன்றைக்கே தின்றுவிடும்.

எண் போய்விட்டது என்றால் அவசரம் கூடுகிறது. உங்கள் கணக்கைப் பற்றிய குறுஞ்செய்திகள் இப்போது இன்னொருவர் கைக்குப் போகக்கூடும். கல்லூரிக் கட்டணத்தைவிட அதுதான் எனக்குக் கவலை தருகிறது. உங்கள் கணக்கில் பதிவான மின்னஞ்சலிலிருந்து மதுரைக் கிளைக்கு இன்றே எழுதி, அந்த எண்ணைக் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். கிளைக்குத் தொலைபேசியிலும் பேசுங்கள். ஊரில் காலை 10 மணி என்றால் இங்கே 8.30தான், நீங்கள் அலுவலக வேலையைத் தொடங்கும் முன்பே மேலாளரைப் பிடித்துவிடலாம். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி இருக்காது. புதிய எண்ணைப் பதிய விண்ணப்பம், பாஸ்போர்ட் நகல், ஆக்குபேஷன் பெர்மிட் (இங்கே வேலை செய்து வசிப்பதற்கான அனுமதி) நகல் ஆகியவற்றைக் கேட்பார்கள். நகல்களில் இந்தியத் தூதரகத்தின் அல்லது நோட்டரியின் சான்றொப்பம் கேட்பதும் உண்டு. எதை ஏற்பார்கள் என்று முதலிலேயே மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொல்வதை நம்பி மூலத்தாள்களைக் கூரியரில் அனுப்பிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர்கள் பலர். எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகவே முறையிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. தயங்காதீர்கள்.

வெளிநாட்டில் வசிப்பவர்களின் கணக்கில் 230 என்று தொடங்கும் மொரீஷியஸ் எண்ணையே பதிவு செய்துகொள்ளும் வங்கிகள் உண்டு, மின்னஞ்சலுக்கு ஓ.டி.பி. அனுப்பும் வங்கிகளும் உண்டு. உங்கள் வங்கியிடம் இந்த இரண்டையும் கேளுங்கள். ஆனால் மொரீஷியஸ் எண்ணைக் கொடுத்துவிட்டால் யு.பி.ஐ.யும் அதில் ஓடும் என்று நினைத்துவிட வேண்டாம். வெளிநாட்டு எண்ணோடு யு.பி.ஐ. பயன்படுத்த 2023 ஜனவரியில் சிங்கப்பூர், ஓமன், அமீரகம், பிரிட்டன் முதலான 10 நாடுகளுக்கு அனுமதி வந்தது. அந்தப் பத்தில் மொரீஷியஸ் இல்லை.

இனி தங்கையின் கட்டணம். உங்களிடம் காசோலைப் புத்தகம் இருக்கிறதா? கல்லூரியின் பெயருக்கே காசோலை எழுதி, குறுக்குக் கோடிட்டு, கூரியரில் தங்கைக்கு அனுப்புங்கள். தேதியிட்ட நாளிலிருந்து மூன்று மாதம் அது செல்லும். ஓ.டி.பி. தேவையில்லை, இணையம் தேவையில்லை. கையெழுத்து மட்டும் வங்கியில் உள்ள மாதிரியோடு ஒத்துப்போக வேண்டும். பெரிய தொகை என்றால் காசோலை விவரத்தை முன்கூட்டியே உறுதிசெய்யும்படி வங்கி கேட்கலாம். அதையும் கிளையில் விசாரித்துக்கொள்ளுங்கள். புத்தகம் ஊரிலேயே இருக்கிறது என்றால், இந்த ஒரு தவணையை இங்கத்திய சம்பளத்திலிருந்து அனுப்பிவிடுங்கள். படிப்பு தடைபடக் கூடாது.

ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் வீட்டில் கொடுத்துவிட்டு வருவது நம்மிடையே சாதாரண வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தம்பி தங்கையை நம்பாதே என்று சொல்லவில்லை. அட்டை தொலைந்து பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேரும் இழப்பு முழுவதையும் ரகசிய எண்ணைப் பகிர்ந்த வாடிக்கையாளரே ஏற்க வேண்டும் என்பது விதி. அந்தப் பழி ஒன்றும் அறியாத தங்கையின் தலையில் விழும்.

கேள்வி: போர்ட் லூயியில் எங்கள் ஊர் வங்கியின் பெயர்ப்பலகையே தெரிகிறது. பாஸ்புக்கைக் காட்டினால் பணம் தருவார்களா?

— கோரமண்டல், ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளி

பதில்: தரமாட்டார்கள் ஐயா. எஸ்.பி.ஐ. (மொரீஷியஸ்) இந்த நாட்டுச் சட்டப்படி பதிவான தனி நிறுவனம். தாய் நிறுவனம்தான் பாரத ஸ்டேட் வங்கி. பேங்க் ஆஃப் பரோடாவுக்கு இங்கே கிளைகள் இருந்தாலும், ஊர்க் கிளைக் கணக்கிலிருந்து இங்கத்திய கவுன்ட்டரில் பணம் வாங்க முடியாது. அங்குள்ள கணக்கை ஆள்வது ரிசர்வ் வங்கி, இங்குள்ளதை ஆள்வது பேங்க் ஆஃப் மொரீஷியஸ். ஆனால் இங்கிருந்து ஊருக்குப் பணம் அனுப்ப இத்தகைய வங்கிகளில் கட்டணமும் மாற்று விகிதமும் எப்படி இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். மற்ற இடங்களிலும் கேட்டு, ஊரில் கைக்கு எத்தனை ரூபாய் சேரும் என்ற ஒரே கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மகளின் பிரசவத்துக்காகத் தஞ்சாவூரிலிருந்து நானும் என் கணவரும் ரோஸ் ஹில்லுக்கு வரப்போகிறோம். ஓய்வூதியப் பணம் அங்குள்ள கணக்கில்தான் இருக்கிறது. மாப்பிள்ளையிடம் ஒவ்வொன்றுக்கும் கை நீட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. எங்கள் அட்டை அங்கே செல்லுமா?

— தஞ்சாவூர் வாசகி

பதில்: உங்கள் மனம் எனக்குப் புரிகிறது அம்மா. மகள் வீட்டில் இருந்தாலும் கைச்செலவுக்குத் தன் பணம் இருப்பது ஒரு நிமிர்வு. அதற்கு வழி இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் தஞ்சாவூரிலேயே முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி இந்திய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்த நிலையில் வழங்கப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களாகத் திறந்துகொள்ள வேண்டும். வங்கிச் செயலியில் செய்யலாம், முடியாவிட்டால் கிளையில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பதற்கும் கடையில் தேய்ப்பதற்கும் தனித்தனி அனுமதி, தனித்தனி வரம்பு. இரண்டையும் பாருங்கள்.

அடுத்தது செலவு. வெளிநாட்டில் எடுக்கும் தொகையின் மேல் வங்கி ஒரு விழுக்காட்டைச் சேர்த்து வசூலிக்கும், அந்தக் கட்டணத்துக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் உண்டு. உங்கள் வங்கி 3.5 விழுக்காடு கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20,000 இந்திய ரூபாய் மதிப்புக்குப் பணம் எடுத்தால் 700 ரூபாய், அதற்கு வரி 126, ஆக 826. இதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் ஒரு நிலையான கட்டணம். அது 150 ரூபாய் என்றால் வரியோடு 177. ஒரே தடவையில் எடுத்தால் மொத்தம் 1,003 ரூபாய் போகிறது. அதையே ஐயாயிரம் ஐயாயிரமாக நான்கு தடவை எடுத்தால் 1,534 ரூபாய். இங்கத்திய ஏ.டி.எம்.மின் கட்டணம் தனி. சின்னச் சின்னதாக எடுப்பதுதான் சிக்கனம் என்று நம் தலைமுறையின் கைகளுக்குப் பழகிவிட்டது. இங்கே அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றில் மிகவும் கவனம் வேண்டும். சில இயந்திரங்கள், கடைகளில் உள்ளவையும் சேர்த்து, தொகையை இந்திய ரூபாயில் கழிக்கட்டுமா, மொரீஷியஸ் ரூபாயில் கழிக்கட்டுமா என்று திரையில் கேட்கும். இரண்டுமே ரூபாய் என்பதால் பெரியவர்கள் திகைத்து, பழகிய ஐ.என்.ஆர். என்ற எழுத்துகளை அழுத்திவிடுகிறார்கள். அப்போது இயந்திரத்துக்குப் பின்னால் உள்ள நிறுவனம் தன் விருப்பத்துக்கு ஒரு விகிதத்தைப் போட்டுக்கொள்கிறது. மொரீஷியஸ் ரூபாயைக் குறிக்கும் எம்.யு.ஆர். என்பதையே தேர்ந்தெடுங்கள். மாற்றும் வேலையை உங்கள் வங்கி பார்த்துக்கொள்ளட்டும்.

யு.பி.ஐ. பயன்படுத்துவீர்கள் என்றால் நல்ல செய்தி. 2024 பிப்ரவரி 12 அன்று மொரீஷியஸில் யு.பி.ஐ. சேவையும் ரூபே அட்டைச் சேவையும் தொடங்கப்பட்டன. அதை ஏற்கும் கடைகளில் க்யூ.ஆர். குறியீட்டை ஊரில் செய்வது போலவே ஸ்கேன் செய்து, தஞ்சாவூர்க் கணக்கிலிருந்தே கட்டலாம். செயலியில் சர்வதேசப் பயன்பாட்டை முன்பே இயக்கிவிடுங்கள். பதிவான சிம் அதே கைப்பேசியில் இருக்கட்டும். சிம்மைக் கழற்றினால் செயலி மறுபடி சரிபார்ப்புக் கேட்கும். அதற்கு இந்திய எண்ணிலிருந்து குறுஞ்செய்தி போக வேண்டும். எல்லாக் கடையிலும் இது இருக்காது. புதனும் சனியும் கூடும் எங்கள் கத்ர் போர்ன் காய்கறிச் சந்தையில் கீரையும் முருங்கைக்காயும் வாங்க ரொக்கம்தான் கை கொடுக்கும்.

அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் 1800 எண் பெரும்பாலும் இங்கிருந்து போகாது. 91 என்று தொடங்கும் சாதாரண எண்ணை வங்கியிடம் கேட்டு, கைப்பேசியில் மட்டுமல்லாமல் ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். அட்டை தொலைந்தால் அந்த நிமிடமே முடக்குங்கள். உங்கள் பக்கமோ வங்கியின் பக்கமோ தவறில்லாமல் வேறு எவராலோ நடந்த மோசடி என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்பவருக்கு இழப்பு எதுவும் கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2017 முதல் விதித்திருக்கிறது. அட்டைகளை இருவரும் தனித்தனிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பேரனோ பேத்தியோ நலமாகப் பிறக்கட்டும்.

கேள்வி: திருச்சியில் அப்பா எழுதிவைத்த வீட்டை விற்றுவிட்டேன். பணம் என் பழைய சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. இங்கே வீட்டுக் கடனை அடைக்க அதைக் கொண்டுவர முடியுமா? நான் இந்தியக் குடிமகன், இங்கே நிரந்தர வேலையில் இருக்கிறேன்.

— வக்வா வாசகர்

பதில்: முடியும் ஐயா. உங்கள் பணம், சட்டமும் அதை மறுக்கவில்லை. ஆனால் முதல் படியை நீங்கள் இன்னும் ஏறவில்லை என்று தெரிகிறது. வேலைக்காக வெளிநாடு சென்றவர் சாதாரண உள்நாட்டுச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கிக்குத் தெரிவித்து அதை வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். இன்றைக்கே கிளைக்கு எழுதுங்கள்.

வாடகை, வீடு விற்ற பணம் போன்ற இந்திய வரவெல்லாம் சேரும் இடம் என்.ஆர்.ஓ. நீங்கள் இங்கே சம்பாதித்து அனுப்புவதற்குத் தனியாக என்.ஆர்.இ. கணக்கு ஒன்றைத் திறந்துகொள்ளலாம். அதிலுள்ள பணத்தை எப்போது வேண்டுமானாலும் முழுதாகத் திரும்ப எடுத்துவரலாம். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. என்.ஆர்.ஓ. வட்டியில் 30 விழுக்காடும் கூடுதல் வரிகளும் பிடிப்பார்கள். இங்கத்திய வருவாய்த் துறையிடம் வரி வதிவிடச் சான்று வாங்கிக் கொடுத்தால் இந்தியா–மொரீஷியஸ் ஒப்பந்தத்தின்படி குறைந்த விகிதம் கோரலாம்.

வீடு விற்ற தொகையை என்.ஆர்.ஓ.விலிருந்து ஏப்ரல் முதல் மார்ச் வரையான ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்ப அனுமதி உண்டு. உங்கள் திருச்சி வீட்டுக்கு அது தாராளம். விற்பனைப் பத்திரம், வீடு உங்களுக்கு வந்ததற்கான உயில், வரி கட்டிய சான்று ஆகியவற்றோடு, பணம் அனுப்புவது பற்றி வருமான வரித் துறைக்கு நீங்கள் தரும் அறிவிப்பும் ஆடிட்டரின் சான்றிதழும் தேவைப்படும். 15சி.ஏ., 15சி.பி. என்று ஆடிட்டர்கள் சொல்லிப் பழகிய படிவங்கள் கடைசியாகச் சொன்ன இந்த இரண்டும்தான். திருச்சியிலேயே வெளிநாட்டுப் பண அனுப்பீடு தெரிந்த ஆடிட்டரைப் பிடியுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவல்ல. நான் அந்தப் பிரிவில் இருந்தபோது திருப்பி அனுப்பிய விண்ணப்பங்களில் பணத்தின் மேல் சந்தேகம் என்பதைவிட, தாள் ஒன்று குறைவு என்பதே பெரும்பாலான காரணம்.

ஊரில் யாருக்காவது அதிகாரப் பத்திரம் கொடுத்து இதை முடிக்கலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம். போர்ட் லூயியில் உள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். இந்தியாவில் கிடைத்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அதிகாரம் பெற்றவர் உள்ளூர்ச் செலவுகளைச் செய்யலாம், பணத்தை உங்களுக்கே அனுப்பலாம். உங்களைத் தவிர வேறு யாருக்கும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது; உங்கள் சார்பில் அன்பளிப்பும் கொடுக்க முடியாது. அந்தக் கட்டுப்பாடு உங்கள் நன்மைக்குத்தான்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஒருவர் ஊரில் நம் வீட்டாரிடம் இந்திய ரூபாயை வாங்கிக்கொண்டு, அன்றைக்கே இங்கே மொரீஷியஸ் ரூபாய் தருகிறார். விகிதமும் நன்றாக இருக்கிறது. செய்யலாமா?

— பெயர் வெளியிட விரும்பாதவர்

பதில்: வேண்டாம். இது ஹவாலா, அதாவது வங்கிக்கு வெளியே நடக்கும் சட்டவிரோதப் பணப் பரிமாற்றம். இந்திய அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டத்தின்படி மீறிய தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். அந்த அபராதம் ஊரில் பணத்தைக் கொடுத்த உங்கள் அம்மாவின் பெயரிலும் வரலாம். அந்த ஆள் ஒருநாள் காணாமல் போனால் காவல் நிலையத்தில் சொல்வதற்குக்கூட உங்களிடம் ஒரு துண்டுச்சீட்டு இருக்காது. இங்கே கையில் தரும் நோட்டு எந்தக் குற்றத்திலிருந்து வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியாது. குழந்தைகளை வைத்துக்கொண்டு அன்னிய மண்ணில் வாழ்கிறோம். தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: நான் இங்கேயே பிறந்தவள். கணவருக்குச் சென்னையில் இதய அறுவை சிகிச்சை செய்யப் போகிறோம். இங்குள்ள வங்கிப் பணத்தை அங்கே எப்படிப் பயன்படுத்துவது? ரொக்கமாகக் கொண்டுபோகலாமா?

— போ பசென் வாசகி

பதில்: அம்மா, பெருந்தொகையை ரொக்கமாகச் சுமக்காதீர்கள். நோட்டாக 5,000 அமெரிக்க டாலருக்கு மேலோ, எல்லாம் சேர்த்து 10,000 டாலருக்கு மேலோ இருந்தால் இந்தியச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். தவிர, 2 லட்சம் இந்திய ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க அந்நாட்டு வருமான வரிச் சட்டம் மருத்துவமனைக்கு இடம் தராது. நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நோட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கும் நிலை உங்களுக்கு வரக் கூடாது.

மருத்துவமனையின் வெளிநாட்டு நோயாளிகள் பிரிவிடம் மதிப்பீட்டுச் சீட்டும் வங்கி விவரமும், வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்தில் வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீட்டோடு, எழுத்தில் கேளுங்கள். அதைக் காட்டி இங்குள்ள உங்கள் வங்கி வழியாகவே முன்பணத்தை அனுப்பிவிடுங்கள். மொரீஷியஸில் 1994 முதல் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு நடைமுறையில் இல்லை என்பதால் தடை எதுவும் வராது. வங்கி ஆவணம் மட்டும் கேட்கும். அனுப்பும் குறிப்பில் கணவரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கட்டும். பணம் சேரச் சில வேலை நாள்கள் ஆகும், அதற்கு இடம் விட்டுப் பயணத் தேதியை வையுங்கள். மிச்சம் இருந்தால் வந்த வழியிலேயே திருப்பி அனுப்புவார்களா என்பதையும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். சிகிச்சை முடிந்து களைத்துப்போன நேரத்தில் அதைக் கேட்டு அலைவது மிகவும் கடினம்.

மருந்துக்கும் தங்குவதற்கும் உங்கள் வங்கி அட்டை போதும். இந்தியாவில் பயன்படுத்தப் போவதாகச் சொல்லி வரம்பை உயர்த்திக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் சந்தேகத்தில் அட்டையை முடக்கிவிடக்கூடும். அங்குள்ள பல ஏ.டி.எம்.கள் வெளிநாட்டு அட்டைக்கு ஒரு தடவையில் 10,000 ரூபாய்க்கு மேல் தருவதில்லை. அவசரத்துக்குக் கொஞ்சம் யூரோவோ டாலரோ கையில் இருக்கட்டும். மொரீஷியஸ் ரூபாயை அங்கே மாற்றுவது சிரமம். அனுமதி பெற்ற நாணய மாற்றுக் கடையில் மட்டும் மாற்றி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மிச்ச ரூபாயைத் திரும்ப மாற்ற அதைக் கேட்பார்கள். உங்கள் கணவர் குணமாகித் திரும்பியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.

கேள்வி: மத்திய அரசின் அஞ்சல் துறையில் ஓய்வு பெற்று, இப்போது மகனோடு இங்கே இருக்கிறேன். நவம்பரில் ஊருக்குப் போக முடியாது. ஓய்வூதியம் நின்றுவிடுமா?

— கத்ர் போர்ன் வாசகர்

பதில்: போக வேண்டியதில்லை ஐயா. நவம்பருக்குள் உயிர்வாழ்வுச் சான்று போய்ச் சேர்ந்தால் போதும். 80 வயது நிறைந்திருந்தால் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். ஆதார் இருந்தால், இந்தச் சான்றை இணையம் வழியாகத் தரும் ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே முடிக்க முயலுங்கள். அது ஒத்துவரவில்லை என்றால் இந்தியத் தூதரக அதிகாரியோ இங்கத்திய நோட்டரியோ வங்கி அதிகாரியோ கையெழுத்திட்ட சான்றை அனுப்பலாம். பி.பி.ஓ. எண்ணை, அதாவது உங்கள் ஓய்வூதிய ஆணையின் எண்ணை, மறக்காமல் எழுதுங்கள், அனுப்பும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். தாமதமாகி ஒரு மாதம் ஓய்வூதியம் நின்றாலும் கலங்க வேண்டாம். சான்று சேர்ந்ததும் நிலுவையோடு கணக்கில் ஏறிவிடும்.